பிக்கப்பும் இல்லை, டாப்பும் இல்லை: டிராக் ஓட்டத்தில் ஸ்பிராக்கெட், டயர் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடித்தல்

டிராக் ஓட்டத்துக்கு (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் 201 அல்லது 402 மீட்டர் ஓடும் 'drag' போட்டி) வண்டியைத் தயார் செய்பவர்கள் முதலில் கை வைப்பது ஸ்பிராக்கெட்டில்தான், அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தில். செலவு குறைவு, அரை மணி நேர வேலை, பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம். அதனாலேயே கோளாறு வேறெங்கோ இருக்கும்போதும் ஸ்பிராக்கெட்தான் மாறுகிறது. அதே நாளில் டயரையும் மாற்றிவிட்டால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டி ஓடுபாதையில் என்ன செய்கிறது என்று பார்த்து, அதற்குரிய பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுங்கள். பின்னால் வரும் தீர்வுகள் எல்லாம் அந்த எண்களை நம்பித்தான் நிற்கின்றன.

உதாரண வண்டியாக 2018-ல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்15 வி3-ஐ எடுத்துக்கொள்வோம். 155 சிசி, 10,000 ஆர்பிஎம்மில் உச்ச பவர், 8,500-ல் உச்ச டார்க். வேறு வண்டி என்றால் கையேட்டிலிருந்து அதன் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். சோதனை எல்லாம் பந்தய ஓடுபாதையில் மட்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டியே நடந்திருக்கிறது. பைபாஸில் ஓட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. அங்கே நம்பத்தக்க நேர அளவும் கிடைக்காது, அது இல்லாமல் கியரிங்கைத் திருத்தவும் முடியாது.

முதலில் எண்கள்

என்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை மூன்று இடங்களில் சுழற்சி குறைகிறது. முதலில் பிரைமரி (என்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பல்சக்கர ஜோடி) 73/24, அதாவது 3.042. அடுத்து கியர்பாக்ஸ்: 2.833, 1.875, 1.364, 1.143, 0.957, 0.840. கடைசியாகச் செயின்: முன்னால் 14 பல், பின்னால் 48 பல், 3.429. மூன்றையும் பெருக்கினால் அந்தக் கியரின் மொத்த விகிதம். முதல் கியரில் அது 29.55, ஐந்தாவதில் 9.98.

வேகம் = ஆர்பிஎம் ÷ மொத்த விகிதம் × டயர் சுற்றளவு (மீட்டரில்) × 0.06. விடை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

கம்பெனி டயர் 140/70-17. ரிம் விட்டம் 431.8 மி.மீ.; பக்கச்சுவர் 140-ல் 70 சதவீதம், அதாவது 98 மி.மீ., மேலும் கீழும் சேர்த்து 196. மொத்த விட்டம் 627.8 மி.மீ., சுற்றளவு 1.97 மீட்டர். 10,500 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு கியரும் எந்த வேகத்தில் தீர்கிறது என்று பார்த்தால்:

14/48: 42, 63, 87, 104, 124, 142
13/48: 39, 59, 81, 97, 116, 132
15/48: 45, 68, 94, 112, 133, 152

இந்த மூன்று வரியை ஒரு அட்டையில் எழுதி டூல் பாக்ஸில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். பாதி சந்தேகங்கள் இதைப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் கியரிங் 7.7 சதவீதம் பிக்கப் பக்கம் சாய்கிறது: இழுவை கூடும், ஒவ்வொரு கியரும் எட்டும் வேகம் குறையும். டாப் பக்கம் என்றால் இதற்கு நேர் எதிர். அதே மாற்றத்தைப் பின்னால் செய்ய 48-லிருந்து ஏறக்குறைய 52-க்குப் போக வேண்டும். முன்னால் ஒரு பல்லுக்குப் பின்னால் நான்கு பல் என்று வைத்துக்கொள்ளலாம். நுணுக்கமாகத் திருத்த வேண்டுமென்றால் பின் ஸ்பிராக்கெட்டில்தான் செய்ய முடியும். அங்கே ஒரு பல் இரண்டு சதவீதம்தான்.

டயரும் ஒரு ஸ்பிராக்கெட்தான்

பலரும் விடுவது இந்த இடத்தில். டயரின் விட்டம் குறைந்தால், பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டிய அதே விளைவு. 140/70-17-க்குப் பதில் 130/70-17 போட்டால் விட்டம் 613.8, அதாவது 2.2 சதவீதம் குறைவு. பின்னால் ஒரு பல் கூட்டியதற்குச் சமம். எடை குறையட்டும் என்று 100/80-17 போடுகிறார்கள். அதன் விட்டம் 591.8, கியரிங் 6 சதவீதம் பிக்கப் பக்கம் போய்விடும். முன்னால் கிட்டத்தட்ட ஒரு பல் குறைத்த மாதிரி. இதற்கு மேல் 13 பல் ஸ்பிராக்கெட்டும் போட்டால் முதல் கியர் 37-லேயே முடிந்து, ஆறாவது கியரும் 124-ல் தீர்ந்துவிடும். எதிர்ப்பக்கம் போனால் 150/70-17 டயர் 641.8 மி.மீ. நிற்கும், கியரிங் 2.2 சதவீதம் டாப் பக்கம்.

அகலம் கூடினால் டயர் பெரிதாகும் என்று எண்ண வேண்டாம். 150/60-17 அகலமானது, ஆனால் விட்டம் 611.8 மி.மீ.தான். இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் டயர் வாங்காதீர்கள். 100 டயரை 140-க்கான அகல ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் வெளியே இழுபட்டு உயரம் இன்னும் குறையும், தரையில் படும் பகுதியின் வடிவமும் கெடும். டயர் கம்பெனி அந்த அளவுக்குச் சொல்லும் ரிம் அகலத்துக்குள் இருங்கள். வேகக் குறியீட்டையும் பாருங்கள்: பி என்றால் 150 கி.மீ., எஸ் 180, ஹெச் 210.

கணக்கில் வரும் சுற்றளவு காகித அளவு. உண்மையான அளவை இப்படி எடுங்கள்: ஓட்டத்துக்கு வைக்கும் காற்றழுத்தத்தை வைத்து, ஓட்டுபவரை உட்கார வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை நேராக 5 சுற்று தள்ளி, தூரத்தை அளந்து 5-ஆல் வகுங்கள். எடையில் டயர் நசுங்குவதால் பொதுவாகக் காகிதக் கணக்கைவிட 2, 3 சதவீதம் குறைவாக வரும். இனிமேல் உங்கள் கணக்குக்கு இந்த எண்தான்.

பின் டயரின் விட்டம் 36 மி.மீ. குறைந்தால் வண்டியின் பின்பக்கம் 18 மி.மீ. இறங்கும். ஈர்ப்பு மையம் தாழ்வது டிராக்குக்கு நல்லதே. ஆனால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) கோணமும் வண்டியைத் திருப்பும்போது ஹேண்டில் நடக்கும் விதமும் மாறும், அதற்குத் தயாராக இருங்கள்.

எதைப் பதிவு செய்வது

ஓட்டம் முடிந்ததும் கிடைக்கும் நேரச் சீட்டில் மூன்று எண்கள் முக்கியம்: முதல் 18.3 மீட்டருக்கு ஆன நேரம் (60 அடி), 201 மீட்டர் நேரம், 402 மீட்டரில் நேரமும் வேகமும். இதோடு டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) தெரியும்படி ஒரு சின்ன கேமரா, முடிந்தால் ஜிபிஎஸ் லாகர். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆர்பிஎம் எங்கிருந்து எங்கே விழுந்தது, கோட்டைத் தாண்டும்போது எந்தக் கியர், எவ்வளவு ஆர்பிஎம் என்று எழுதுங்கள்.

கியரிங் சரியானால் மொத்த நேரம் குறையும், முடிவு வேகம் பெரிதாக மாறாது. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் முடிவு வேகம் 4, 5 கி.மீ. விழுந்திருந்தால், வண்டி லிமிட்டரிலும் (ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் என்ஜினைத் தடுக்கும் அமைப்பு) முட்டவில்லை, ஷிஃப்டும் தவறவில்லை என்றால், ஸ்பிராக்கெட்டை விட்டுவிட்டு என்ஜின், கிளட்ச், பிரேக் உரசல், எதிர்க்காற்று இவற்றைத் தேடுங்கள்.

அறிகுறி: கிளட்ச்சை விட்டதும் என்ஜின் படுத்துவிடுகிறது

60 அடி நேரம் மோசம். கேமராவில் பார்த்தால் ஆர்பிஎம் 7,000-லிருந்து 4,000-க்கு விழுந்து மெதுவாக ஏறுகிறது. உடனே "முன்னால் ஒரு பல் குறை" என்பார்கள். அதற்குமுன் ஒரு கணக்கு.

முதல் கியரில் கிளட்ச் முழுக்கப் பிடித்த நிலையில் 7,500 ஆர்பிஎம் என்றால் வண்டி 30 கி.மீ. வேகத்தில் இருக்க வேண்டும். அந்த வேகம் வரும் முன்பே கிளட்ச்சை முழுக்க விட்டால் என்ஜின் வண்டியின் வேகத்துக்கு இறங்கியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நின்ற இடத்திலிருந்து 30 கி.மீ. வர ஏறக்குறைய ஒன்றரை நொடி, 6 மீட்டர் ஆகும். அவ்வளவு தூரமும் கிளட்ச் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் ஒன்றிரண்டு மீட்டரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

13 பல் போட்டாலும் அந்த 30 என்பது 28 ஆகும், அவ்வளவுதான். ஆகவே முதலில் கையைத் திருத்துங்கள்: 7,000–7,500-ல் த்ராட்டிலைப் பிடித்து, லீவரைக் கடிக்கும் இடம் வரை விட்டு, ஆர்பிஎம் அங்கேயே நிற்கும்படி லீவரை மெல்ல மெல்ல விடுங்கள், 6 மீட்டர் வரை. முதலில் மெதுவான புறப்பாடாகத் தோன்றும், சீட்டைப் பார்த்தால் 60 அடி நேரம் குறைந்திருக்கும். இதற்குப் பிறகும் படுத்தால்தான் கியரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். யாராவது 15 பல் போட்டிருக்கிறார்களா, பின்னால் பெரிய டயரா என்று பாருங்கள். 15 பல்லும் 150/70 டயரும் சேர்ந்தால் கியரிங் 9.5 சதவீதம் டாப் பக்கம் போயிருக்கும். அப்படியானால் பழையபடி 14-க்குத் திரும்புவதே வைத்தியம்.

தொடர்ந்து லாஞ்ச் (புறப்பாடு) பழகும்போது கிளட்ச் சூடாகும். இரண்டு லாஞ்சுக்கு நடுவில் ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். லீவர் நுனியில் விளையாட்டு (கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் உள்ள தளர்வு) குறைந்துகொண்டே போனால் பிளேட் தேய்கிறது என்று அர்த்தம். கார் என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டாம். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்ச்சுக்கான தரக் குறியீடு) உள்ள பைக் ஆயில் மட்டும்.

அறிகுறி: முன்சக்கரம் தூக்குகிறது, அல்லது பின் டயர் சுற்றுகிறது

இந்த வகை வண்டியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கியரிங் அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச டார்க் சுமார் 15 நியூட்டன் மீட்டர். முதல் கியர் மொத்த விகிதத்தால் பெருக்கி, இடையில் போகும் இழப்பைக் கழித்தால், டயர் தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 1,200 நியூட்டன். வண்டியும் ஆளும் சேர்ந்து 205 கிலோ. முடுக்கம் 0.6 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவில் வரும். 1,325 மி.மீ. சக்கர இடைவெளியும் தாழ்ந்து உட்காரும் ஓட்டுபவரும் உள்ள வண்டியில் முன்சக்கரம் எழ 1 ஜி-க்குப் பக்கத்தில் வேண்டும். காய்ந்த, சுத்தமான தார் பரப்பில் டயர் சுற்றவும் இந்த விசை போதாது. 13 பல் போட்டாலும் 0.65 ஜி-தான்.

அப்படியென்றால் ஏன் தூக்குகிறது? கிளட்ச்சைப் பட்டென்று விடும்போது ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த சுழற்சி ஒரே நொடிப்பொழுதில் டயருக்குப் போகிறது. தூக்கிய மறுகணம் என்ஜின் படுக்கும். தூக்குவதும் படுப்பதும் அடுத்தடுத்து வந்தால் சந்தேகமே வேண்டாம், அது கிளட்ச்சை விடும் விதம்தான்.

டயர் மட்டும் சுற்றினால் முதலில் தூசி, பிறகு டயர் சூடு, பிறகு அழுத்தம். நிற்கும் இடத்தைத் துடையுங்கள். டயரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் பிடிக்காது. அழுத்தத்தைக் கையேட்டின் அளவிலிருந்து 2 பிஎஸ்ஐ வீதம் குறைத்து, ஒவ்வொரு முறையும் 60 அடி நேரத்தைப் பாருங்கள். டயர் கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம். முடிவு வேகத்தில் வண்டி ஆடத் தொடங்கினால் ஏற்கெனவே அதிகம் குறைத்துவிட்டீர்கள். அழுத்தம் குறையும்போது உருளும் சுற்றளவும் கொஞ்சம் குறையும், மறுபடி அளங்கள்.

300, 400 சிசி வண்டிகளிலும் அதற்கு மேலும் நிலைமை வேறு. அங்கே முதல் கியர் விசையே முன்சக்கரத்தைத் தூக்கப் போதும் என்பதால், பின்னால் ஒன்றிரண்டு பல் குறைப்பதும், அச்சைப் பின்னுக்குத் தள்ளுவதும், முன் ஃபோர்க்கைத் தாழ்த்துவதும் உண்மையாகவே பலன் தரும்.

அறிகுறி: முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறியதும் வண்டி தொங்குகிறது

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஷிஃப்ட் செய்ததும் ஆர்பிஎம் எவ்வளவு விழும் என்பதை இரண்டு கியர்களின் விகிதம் மட்டுமே தீர்மானிக்கிறது. 1.875-ஐ 2.833-ஆல் வகுத்தால் 0.662. 10,500-ல் மாற்றினால் 6,950-ல் போய் நிற்கும். செயினிலும் டயரிலும் எதை மாற்றினாலும் இந்த எண் மாறாது. 13 பல் போட்டவரும் 15 பல் போட்டவரும் அதே 6,950-ல்தான் விழுவார்கள், வேகம் மட்டும்தான் வேறு. மற்ற கியர்களில் இடைவெளி சிறியது: இரண்டிலிருந்து மூன்று 7,640, மூன்றிலிருந்து நான்கு 8,800, நான்கிலிருந்து ஐந்து 8,790, ஐந்திலிருந்து ஆறு 9,220.

ஆர்15 வி3-ல் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. அதன் விவிஏ (வால்வு திறக்கும் அளவை மாற்றும்) அமைப்பு 7,400 ஆர்பிஎம்மில்தான் பெரிய கேமுக்கு, அதாவது வால்வை அதிகம் திறக்கும் கேமுக்கு, மாறுகிறது. 6,950-ல் விழும் வண்டி, மேல் ஆர்பிஎம் கேம் கிடைக்கும் முன் ஓர் ஏற்றம் ஏற வேண்டியிருக்கிறது. அந்தத் தொங்கல் கையில் தெரிவது இதனால்தான். 7,400-க்கு மேலே விழ வேண்டுமானால் முதல் கியரை 11,200 வரை இழுத்து மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் லிமிட்டர் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்து, கொடுத்தால் முதல் கியரை மட்டும் அங்கே வரை இழுங்கள். 10,000-க்கு மேல் பவர் குறையத் தொடங்கினாலும், முதல் கியரின் விசை இரண்டாவதன் விசையைவிட ஒன்றரை மடங்கு பெருக்கப்பட்டு வருவதால், அந்தக் கடைசி 700 ஆர்பிஎம் லாபமே.

மற்ற கியர்களில் அதே வேலையைச் செய்யாதீர்கள். நான்கு, ஐந்தில் இடைவெளி சிறியது. 10,300–10,500-ல் மாற்றினாலே 8,700 பக்கம் விழும், அது உச்ச டார்க் இடம். அதற்கு மேல் இழுத்தால் குறையும் பவரில் நேரம் போகும்.

ஷிஃப்ட் எடுக்கும் நேரமும் இந்த இடத்தில்தான் அதிகம் வலிக்கும். முதல் கியரில் வண்டி நொடிக்கு 4, 5 மீட்டர் வீதம் வேகம் ஏறிக்கொண்டிருக்கிறது. கால் நொடி விசை இல்லாமல் போனால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் போச்சு, அந்தக் குறை ஓட்டம் முழுக்கத் தொடரும். கிளட்ச் பிடிக்காமல் த்ராட்டிலை மட்டும் தளர்த்தி மாற்றப் பழகுவது, அல்லது உங்கள் பிரிவின் விதி அனுமதித்தால் குயிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் கருவி) போடுவது, ஸ்பிராக்கெட் மாற்றத்தைவிட அதிகம் தரும்.

அறிகுறி: கோட்டுக்கு முன்பே லிமிட்டர், அல்லது கடைசி நேரத்தில் ஒரு ஷிஃப்ட்

402 மீட்டரில் உங்கள் முடிவு வேகம் 120 என்று வைத்துக்கொள்வோம். 14/48-ல் ஐந்தாவது கியரில் 10,100 ஆர்பிஎம்மில் கோட்டைத் தாண்டுவீர்கள். உச்ச பவருக்கு ஒட்டியே, அருமையான இடம். 13 பல் போட்டால் ஐந்தாவது 116-லேயே தீர்ந்து ஆறாவது போட வேண்டி வரும். ஆகவே 402 மீட்டருக்குக் கம்பெனி கியரிங்கே பொருந்துகிறது.

201 மீட்டரில் கதை மாறுகிறது. முடிவு வேகம் 95 என்றால், 14 பல்லில் நான்காவது கியரில் 9,570-ல் முடிப்பீர்கள். 13 பல்லில் 10,300. ஷிஃப்ட் எண்ணிக்கை அதே, ஆனால் எல்லாக் கியரும் முழுக்கப் பயன்படும். குறுந்தூரத்துக்கு 13 பல் நியாயம்.

கடைசி நேர ஷிஃப்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். 115 கி.மீ. வேகத்தில் வண்டியின் முடுக்கம் மிகக் குறைவு. கோட்டுக்கு இன்னும் ஒரு நொடி இருக்கும்போது லிமிட்டர் வந்தால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இழப்பு ஏறக்குறைய அரை மீட்டர்தான், கியரைப் பிடித்தபடியே போங்கள். இரண்டு நொடி மீதம் இருந்தால் மாற்றுங்கள். மாற்றாமல் போனால் 2 மீட்டர் இழப்பு, மாற்றினால் ஒரு மீட்டர். எப்போதும் லிமிட்டர் இரண்டு நொடிக்கு மேல் முன்னால் வந்தால் பின் ஸ்பிராக்கெட்டில் ஒவ்வொரு பல்லாகக் குறையுங்கள்: 47, 46.

அறிகுறி: கோட்டைத் தாண்டும்போது ஆர்பிஎம் கீழே கிடக்கிறது

ஐந்தாவது கியரில் 9,000, ஏற மனமில்லாமல் ஏறுகிறது. நான்காவதில் இருந்திருந்தால் இழுத்திருக்கும், ஆனால் அது கோட்டுக்குச் சற்று முன்பே தீர்ந்துவிட்டது. கியரிங் டாப் பக்கம் போய்விட்டதன் அடையாளம். பின்னால் 2 பல் கூட்டுங்கள், அல்லது பெரிய டயரை இறக்குங்கள். டாப் ஸ்பீடு கூடும் என்று 15 பல் போடுபவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: அந்த டாப் ஸ்பீடை எட்ட என்ஜினில் பவர் வேண்டும், எட்டுவதற்கு 402 மீட்டருக்கு மேல் தூரமும் வேண்டும். இரண்டும் இங்கே இல்லை.

அறிகுறி: கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகவில்லை

ஐந்தாவது கியரில் 100 கி.மீ. என்றால் காகித அளவுப்படி 8,430 ஆர்பிஎம் வர வேண்டும். டாக்கோ 8,900 காட்டுகிறது. எது பொய்?

முதலில் வண்டியின் ஸ்பீடோமீட்டரை ஓரம் வைத்துவிட்டு ஜிபிஎஸ் வேகத்தை எடுங்கள். சென்சர் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள வண்டிகளில் ஸ்பிராக்கெட் மாற்றியதும் ஸ்பீடோ தப்பாகக் காட்டும். முன்சக்கரத்தில் உள்ளவற்றில் பின் டயர் மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது.

பிறகு இரண்டு அளவுகள். ஐந்தாவது கியரில் த்ராட்டிலைப் பாதிக்கும் குறைவாக வைத்து ஒரே வேகத்தில் ஓட்டி ஆர்பிஎம்மைக் குறியுங்கள். அடுத்து அதே கியரில், அதே வேகத்தை முழு த்ராட்டிலில் கடக்கும்போது குறியுங்கள். இரண்டும் ஒன்று அல்லது இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் கிளட்ச் நலம். வித்தியாசம் உங்கள் சுற்றளவு எண்ணில் இருக்கிறது, அளந்த எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். முழு த்ராட்டிலில் மட்டும் 4, 5 சதவீதம் கூடினால் கிளட்ச் வழுக்குகிறது. மேல் கியர்களில்தான் அது முதலில் காட்டிக்கொடுக்கும். கேபிள் விளையாட்டு, ஆயில், ஸ்பிரிங், பிளேட் என்ற வரிசையில் பாருங்கள். வழுக்கும் கிளட்ச்சோடு ஸ்பிராக்கெட் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

வேகத்தில் டயர் விரிந்து பெரிதாவதைப் பற்றிக் கேட்கிறார்கள். 120 கி.மீ.யில் 17 அங்குல சாலை ரேடியல் டயருக்கு அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க டாப் ஃபியூல் வண்டிகளில்தான் (மிக வேகமான டிராக் பந்தய கார்கள்) அது பெரிய விஷயம்: அவற்றில் கியர்பாக்ஸ் மாற்றமே கிடையாது, பின் அச்சில் 3.20 என்ற ஒரே விகிதம், ஓடும்போது பின் டயர் கண்ணால் பார்க்கும் அளவுக்கு உயர்ந்து தானே கியரிங்கை மாற்றிக்கொள்ளும்.

அறிகுறி: ஸ்பிராக்கெட் மாற்றிய பிறகு செயின் சத்தம், குதித்தல், பின்சக்கரம் இழுப்பு

428 செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் மாறினால், முன்னாலோ பின்னாலோ, அச்சு ஏறக்குறைய 3.2 மி.மீ. நகரும். முன்னால் ஒரு பல் குறைத்தால் அச்சு 3.2 மி.மீ. பின்னே போகும், அட்ஜஸ்டரிலேயே சரிக்கட்டலாம். பின்னால் 4 பல் கூட்டினால் 12.7 மி.மீ. முன்னே வரும், அச்சு அட்ஜஸ்டரில் பின்னே தள்ளி நிற்கும் வண்டியில் இது வசதி, முன்னே நிற்கும் வண்டியில் இடம் போதாமல் 2 கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். இரண்டு கண்ணி சேர்த்தால் அச்சு அதே 12.7 மி.மீ. பின்னே போய்விடும்.

தேய்ந்த செயினைப் புது ஸ்பிராக்கெட்டில் மாட்டாதீர்கள். நீண்ட செயின் புதுப் பல்லின் மேலே ஏறி உட்காரும், லாஞ்சில் குதிக்கும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லின் பாதி தெரிந்தால் செயின் முடிந்தது.

தளர்வைக் கையேட்டின் அளவுக்கு வையுங்கள், ஆனால் சக்கரத்தைச் சுற்றிச் செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளங்கள், பிறகு ஆள் உட்கார்ந்த நிலையிலும் ஒரு தடவை பாருங்கள். டிராக்குக்கு என்று செயினை இறுக்கி வைப்பவர்கள் கியர்பாக்ஸ் வெளிச்சாஃப்ட் பேரிங்கைத் தின்னக் கொடுக்கிறார்கள். அட்ஜஸ்டர் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் பிவட் நடுவிலிருந்து அச்சு நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து சமன் செய்யுங்கள். முன் ஸ்பிராக்கெட்டின் லாக் வாஷர் ஒருமுறை மடித்தது என்றால் புதிது போடுங்கள். 13 பல்லில் செயின் ஸ்விங் ஆர்முக்கு நெருங்கி ஓடும் என்பதால் ஸ்லைடர் ரப்பரை நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: காலையில் ஓடியது, மதியம் ஓடவில்லை

எதையும் கழற்றாதீர்கள். டயர் அழுத்தத்தை அளங்கள். வெயிலில் நின்ற வண்டியில் 3, 4 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். செயின் தளர்வு, பின் பிரேக் உரசல், கிளட்ச் கேபிள் விளையாட்டு இவற்றைப் பாருங்கள். மதிய வெயிலில் காற்று லேசாவதால் என்ஜினின் பவர் சில சதவீதம் குறையும், எல்லா வண்டிக்கும் அதே நிலைதான். பக்கத்து லேன் வண்டிகளின் சீட்டையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களுக்கும் அதே அளவு கூடியிருந்தால் உங்கள் 14/48 அப்படியே இருக்கட்டும்.